டீசல் குடித்த குளவிகள்

அத்தியாயம் 4

எஞ்சின் ஏப்பம் விட்டதை என் இரண்டு காதாலும் கேட்டேன். பொய் சொல்வதற்கு எனக்கு வேறு எத்தனையோ விஷயங்கள் இருக்கின்றன. இதில் பொய்க்கு அவசியமே இல்லை.

அன்று ஸ்பெயின் கரையில் இருக்கிற எங்கள் ஊர் கொர்வெய்ராவில் கடல் மாதா திருவிழா. மாதா சிலையை மீன்பிடிப் படகில் ஏற்றி, ஊர்ப் படகெல்லாம் கொடி கட்டிக்கொண்டு பின்னால் வர, ஊர்வலம் துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. நட்டநடுவில் நங்கூரம் போட்டுக் கிடந்தது நார்வேக்காரர்களின் பாய்மரப் படகு. பெயர் ‘லுண்டே’. மாதாவுக்கு வழிவிட வேண்டும் என்ற மரியாதையில் அவர்கள் நங்கூரத்தை எடுத்து, எஞ்சினைப் போட்டு, ஓரமாக நகரப் பார்த்தார்கள். பாதி வழியில் எஞ்சின் நீளமாக ஒரு ஏப்பம் விட்டது. கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்த பாதிரியார் விடுகிற மாதிரி நிம்மதியான ஏப்பம். அத்தோடு நின்றுவிட்டது. லுண்டே தன் போக்கில் மிதந்து போய் மாதா இருந்த படகின் விலாவில் மெதுவாக இடித்தது. மாதா சாய்ந்தாள். பாண்டுக் குழுவில் பெரிய பித்தளைக் குழல் ஊதுகிறவன் குழலைக் கைவிட்டுவிட்டு மாதாவைத் தாங்கிப் பிடித்தான். குழல் கடலுக்குள் போய்விட்டது. பெரிய அலை அடிக்கிற நாளில் இன்றைக்கும் அடியிலிருந்து ஒரு கனமான ஸ்வரம் கேட்கும். நம்பாதவர்கள் வந்து கேட்டுக்கொள்ளலாம்.

கரை சேர்ந்ததும் மீனவர் சங்கத் தலைவர் வெனான்சியோ துறைமுகப் படியில் ஏறி நின்று தீர்ப்பைச் சொல்லிவிட்டார். நார்வேக்காரர் முந்தின நாள் டீசல் வாங்கியது சங்கத்தின் பம்பில். பம்பைப் பார்த்துக்கொள்கிறவன் பல்பினோ. ஆகவே டீசலில் தண்ணீர் கலந்தவன் பல்பினோ. மதியம் சதுக்கத்தில், திருவிழா மது திறப்பதற்கு முன்னால், ஊர் பார்க்க அவன் கழுத்திலிருந்து பம்ப் சாவியைக் கழற்றப் போவதாக அறிவித்தார்.

வெனான்சியோ தலைவராவதற்கு முன் கப்பலில் எஞ்சின் பார்த்தவர். ஒரு சொட்டு டீசலை நாக்கில் வைத்தால் அதில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கசடு, நிரப்பினவன் எந்தத் தெரு என்பது வரைக்கும் சொல்லிவிடுவேன் என்று முப்பது வருஷமாகப் பீற்றிக்கொண்டிருப்பவர். அதனால் பல்பினோ அவர் காலைப் பிடிக்காத குறையாக, ஒருமுறை பம்புக்கு வந்து நாக்கை வைத்துப் பாருங்கள் ஐயா, அப்புறம் சாவியை நானே தருகிறேன் என்று கெஞ்சினான். தலைவர் தன் மார்பைக் காட்டினார். புது வெள்ளைச் சட்டை. திருவிழா முடிகிற வரைக்கும் டீசல் பக்கம் போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

பல்பினோ நேராக கசில்தா அம்மணி வீட்டுக்கு ஓடி வந்தான். நான் அங்கேதான் இருந்தேன். அம்மணி துப்பறியும்போது உடன் போவதும், துப்பறியாதபோது அவர் வீட்டில் சாப்பிடுவதும் என் உத்தியோகம்.

கசில்தா அம்மணி எங்கள் ஊர்த் தந்தி ஆபீஸில் காலமெல்லாம் உட்கார்ந்திருந்தவர். சொல்லுக்குச் சொல் கட்டணம் வசூலித்துப் பழகிய வாய். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு சொல்லில் முடிகிற விஷயத்துக்கு இரண்டாவது சொல்லைச் செலவழிக்க மாட்டார். யோசிக்கும்போது மட்டும் கையில் ஒரு காகிதப் பொட்டலம் வேண்டும். அதில் எண்ணெயில் வாட்டிய குட்டிப் பச்சை மிளகாய். அந்த மிளகாயில் முக்கால்வாசி சாதுவாக இருக்கும். எங்கோ ஒன்று வாயைக் கொளுத்திவிடும். அந்தக் கார மிளகாய் எப்போது மாட்டுகிறதோ அப்போது அம்மணிக்கு மூளை திறக்கும். இதுவரை அவர் கண்டுபிடித்தது எல்லாம் மிளகாய் கண்டுபிடித்ததுதான் என்று நான் சொல்வதுண்டு, அவர் பக்கத்தில் இல்லாதபோது.

பல்பினோ விஷயத்தைச் சொல்லி முடித்தான். அவனுக்கு இது வெறும் வேலை போகிற விவகாரம் இல்லை. எங்கள் ஊரில் கடல் ஒத்துக்கொள்ளாத ஒரே ஆண்பிள்ளை அவன். அடுப்பில் சூப்பைக் கரண்டியால் கலக்கினாலே முகம் பச்சையாகிவிடும். ஞானஸ்நானத்தின்போது தொட்டித் தண்ணீர் லேசாக ஆடியதற்கே பாதிரியார் மேல் வாந்தி எடுத்த குழந்தை. அந்தப் பம்ப் ஒன்றுதான் அவனைத் தரையில் வைத்திருந்தது. அது போனால் மச்சானோடு வடகடலுக்கு மீன்பிடிக்கப் போக வேண்டும். அங்கே மாசக்கணக்கில் அலை, அலைக்கு மேல் அலை. தீர்ப்பைக் கேட்ட உடனே மச்சான் அவனுக்கு ரப்பர் பூட்ஸ் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

“நான் ஒரு சொட்டு தண்ணி கலக்கலம்மா,” என்றான் பல்பினோ. “தண்ணியப் பாத்தாலே எனக்கு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா.”

அம்மணி மிளகாய்ப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“படகு,” என்றார்.

துடுப்புப் போட்டவன் நான். அம்மணி படகின் முன்பக்கம் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். பல்பினோ கரையோரமாகக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நண்டு நடை நடந்து எங்களைப் பின்தொடர்ந்தான்.

எங்கள் துறைமுகத்தில் பெரிய படகு பம்ப் வரைக்கும் வர முடியாது. அங்கே ஆழம் கணுக்காலுக்குத்தான். வெளியூர்ப் படகுகள் நடுவில் நங்கூரம் போட்டுவிட்டு, சின்னத் துடுப்புப் படகில் கேனோடு வந்து, நிரப்பி, படி வழியாக இறக்கி, திரும்பத் துடுப்புப் போட்டுப் போய், தங்கள் டேங்கில் ஊற்றிக்கொள்ள வேண்டும். பார்க்க அழகாக இருக்கும். செய்கிறவனுக்கு இடுப்பு போய்விடும்.

லுண்டேயில் ஏறினதும் என் செருப்பு தளத்தில் ஒட்டிக்கொண்டது. காலை எடுத்தேன், செருப்பு வரவில்லை. அதை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு போனேன். சொந்தக்காரர் ஹல்வோர், கலங்கரை விளக்கம் மாதிரி உயரம், கொஞ்சம் தள்ளி அதே மாதிரி ஒட்டின செருப்பு ஒன்றைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஆஸ்லாக் எஞ்சின் அறைக்குள் தலையை விட்டு எஞ்சினோடு பேசிக்கொண்டிருந்தாள். நல்ல வார்த்தை இல்லை. இளவயதில் நார்வேக்காரர்களின் கப்பலில் சமையல்காரனாக இருந்ததால் அவர்கள் பாஷையில் கெட்ட வார்த்தை எனக்குச் சரளம், நல்ல வார்த்தை சுமார். மொழிபெயர்ப்பு என் பொறுப்பு.

டேங்க் மூடியைச் சுற்றிக் குளவிகள். ஒன்றிரண்டு இல்லை, ஒரு சபையே கூடியிருந்தது. சில மூடியின் விளிம்பில் உட்கார்ந்து மும்முரமாக நக்கின. ஒன்று தலைகீழாகக் கிடந்து காலை ஆட்டியது.

“இந்தக் காலத்துல குளவிக்கும் எஞ்சின் வெச்சிட்டாங்க போல அம்மணி,” என்றேன். “டீசல் போட வந்திருக்கு.”

அம்மணி சிரிக்கவில்லை. ஒரு மிளகாய் சாப்பிட்டார். சாது மிளகாய். முகத்தில் மாற்றம் இல்லை.

ஹல்வோர் நடந்ததைச் சொன்னார். கேன்களை வழியில் ஒரு பேயலைக்குப் பறிகொடுத்துவிட்டதால் இங்கே வந்து இரண்டு மஞ்சள் கேன் வாங்கினாராம். எங்கள் ஊரில் ஒரே இரும்புக் கடை. அங்கே கேன் என்றால் மஞ்சள்தான். பல்பினோவிடம் நிரப்பிக்கொண்டு படிக்கு வந்தால், ஆஸ்லாக் கடைத்தெருவிலிருந்து ஒரு சாக்கு உருளைக்கிழங்கோடு நின்றாள். துடுப்புப் படகு சின்னது. கேனா மனைவியா என்ற கேள்வி வந்தபோது ஹல்வோர் சரியான முடிவை எடுத்தார். கேன்களைப் படியில் வைத்துவிட்டு மனைவியையும் கிழங்கையும் முதலில் கொண்டுபோய் விட்டார்.

“திரும்பி வந்து பாத்தா,” என்றார் ஹல்வோர், கண் கலங்க, “என் கேனை யாரோ பளபளன்னு துடைச்சு வெச்சிருந்தாங்க. இப்படி மரியாதை நான் எங்கயும் பாத்ததில்ல.”

அப்புறம் எப்படி டேங்கில் ஊற்றினார் என்று அம்மணி கையசைவிலேயே கேட்டார். எல்லாரும் செய்கிற மாதிரித்தான்: கேனைத் தூக்கி உயரத்தில் வைத்து, ரப்பர் குழாயின் ஒரு முனையை உள்ளே விட்டு, மறுமுனையை வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்து, டீசல் வந்ததும் டக்கென்று டேங்கில் விட்டுவிடுவது. இதில் ஒரு வாய் உள்ளே போகாமல் தப்பித்த மாலுமி உலகத்தில் இல்லை.

“டீசல் வாசனை வரலையா?” என்று நான் கேட்டேன். கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. முந்தின நாள் மாலை மத்தி மீனை டின்னில் அடைக்கிற தொழிற்சாலையில் உலை ஏற்றியிருந்தார்கள். அந்த நேரத்தில் எங்கள் ஊரில் மூக்கு என்பது கண்ணாடி மாட்டிக்கொள்வதற்கு மட்டும்.

“ஆனா ஒண்ணு சொல்லணும்,” என்றார் ஹல்வோர். “நான் எத்தனையோ நாட்டு டீசலை இப்படி வாயால இழுத்திருக்கேன். போர்ச்சுகல் டீசல் கசப்பு. இங்கிலாந்து டீசல் சொல்லவே வேணாம். ஸ்பெயின் டீசலுக்கு ஈடு கிடையாது. ரெண்டாவது கேனுக்கு நான் ரெண்டு தடவை இழுத்தேன்.”

நான் இதை உபசார வார்த்தையாக எடுத்துக்கொண்டு அப்படியே மொழிபெயர்த்தேன்.

எஞ்சின் அறைக்குள்ளிருந்து ஆஸ்லாக்கின் குரல் வந்தது. “நுரைக்குதுன்னு நான் அப்பவே சொன்னேன். நல்ல டீசல்னா நுரைக்கும்னு எனக்கே பாடம் நடத்தினாரு.”

அம்மணி என்னைப் பார்த்தார். பிறகு டேங்க் மூடியைப் பார்த்தார்.

“நாக்கு,” என்றார்.

“அம்மணி, துணைவன்னா கூட வர்றவன். நக்குறவன் இல்ல.”

“எலாடியோ.”

என் பெயரை அவர் சொல்வது அபூர்வம். அதுவும் ஒரு சொல்தானே. சொல்லிவிட்டால் மறுப்பு கிடையாது. குளவிகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மூடியில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தேன். டீசலின் ருசி எனக்குத் தெரியும். கப்பலில் எண்ணெய் தீர்ந்த ஒரு வாரம் டீசலில் மீன் வறுத்துப் போட்டிருக்கிறேன். கேப்டன் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இது டீசல் இல்லை. இனிப்பு. நாக்கில் லேசாக ஒரு குறுகுறுப்பு. கடைசியில் எலுமிச்சைத் தோல்.

எலுமிச்சைத் தோல் போட்டு இனிப்புச் சோடா செய்கிறவள் எங்கள் கரையில் ஒருத்திதான்.

“எர்மித்தாஸ்,” என்றேன்.

அம்மணி ஏற்கெனவே எங்கள் படகில் இறங்கி உட்கார்ந்திருந்தார்.

எர்மித்தாஸின் சோடாக் கொட்டகை துறைமுகப் படிக்கு நேர் மேலே, மேட்டில் இருக்கிறது. ஊரில் அவளிடம் சண்டை போட்டு ஜெயித்தவர் யாரும் இல்லை. ஒருமுறை இடியோடு சண்டை போட்டாள், இடி வேறு ஊருக்குப் போய்விட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பல்பினோவும் மூச்சு வாங்க வந்து நின்றான், கடல் தெரியாத பக்கமாகத் திரும்பி.

நான் துணைவனுக்கு உரிய சாமர்த்தியத்தோடு, உன் சோடா ஒரு படகைக் கொன்றுவிட்டது என்று ஆரம்பித்தேன். அது தப்பான ஆரம்பம். அவள் சோடாவைக் குடித்து ஊரில் இதுவரை செத்தவர் யார், அந்தப் பட்டியலில் நான் முதலாவதாகச் சேர விரும்புகிறேனா, என் அப்பா அவள் அப்பாவிடம் கடன் சொல்லிக் குடித்த சோடாவுக்கு என்ன பதில் என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். அம்மணி ஒரு சாது மிளகாயை மென்று முடித்து, அவள் மூச்சு வாங்குகிற இடத்தில் ஒரு சொல்லை நுழைத்தார்.

“நேற்று?”

நேற்று திருவிழா மதுவில் கலக்க இரண்டு கேன் சோடா போட்டு, கேனைத் துடைத்து, விழாக் கமிட்டியின் வண்டி வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று துறைமுகப் படியில் வைத்தாளாம். வழக்கமாக அங்கேதான் வைப்பாள். மேட்டுக்குக் கமிட்டி வண்டி வந்தால் சரிந்துவிடும். மஞ்சள் கேன். வேறென்ன நிறம் கிடைக்கிறது இந்த ஊரில்.

“பெயர்?”

“எழுதாம வைப்பேனா. சாக்பீஸ்ல பெரிசா எழுதினேன். காஸ்.”

இங்கே ஒரு விஷயம். எங்கள் பாஷையில் இனிப்புச் சோடாவுக்குப் பெயர் காஸியோசா. முழுசாக எழுத கேன் மேல் இடமும் இல்லை, எர்மித்தாஸுக்குப் பொறுமையும் இல்லை. முதல் துண்டை எழுதி ஒரு புள்ளி வைத்துவிடுவாள்.

அம்மணி மெல்லத் திரும்பி பல்பினோவைப் பார்த்தார். அவனுக்கு ஏன் பார்க்கிறார் என்று தெரியவில்லை.

“நீ?” என்றார் அம்மணி.

“நான் என்னம்மா?”

“கேனில்.”

“ஓ. நானும் சாக்பீஸ்லதான் எழுதுவேன். காஸ்னு.” கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டான். “கடைசியில புள்ளி வைப்பேன்.”

டீசலுக்கு எங்கள் பாஷையில் காஸோலியோ.

எர்மித்தாஸ் பல்பினோவைப் பார்த்தாள், பல்பினோ எர்மித்தாஸைப் பார்த்தான். வருஷக்கணக்காக ஒரே படியில் இரண்டு பேரும் ‘காஸ்.’ என்று எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளூர்க்காரன் அழுக்குக் கேனைத் தொட்டதும் டீசல் என்று தெரிந்துகொள்வான். துடைத்து வைத்திருப்பது மரியாதை என்று நினைக்க ஒரு நார்வேக்காரர் வர வேண்டியிருந்தது.

சுருக்கி எழுதுவதன் ஆபத்து கசில்தா அம்மணியைவிட யாருக்குத் தெரியும். ஒருமுறை மேட்டுத் தெருக்காரன் ஒருவன், ‘மாமனார் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்’ என்ற தந்தியில் ஒரு சொல்லுக்கான கட்டணத்தை மிச்சம் பிடிக்க ‘பத்திரமாக’ என்பதை வெட்டிவிட்டான். ஊரில் மொத்தக் குடும்பமும் கறுப்பு உடுத்தி, கோயில் மணியை அடித்து, பூசைக்குச் சொல்லிவிட்டது. மாமனார் திரும்பி வந்து, மணி யாருக்கு என்று விசாரித்து, கூட்டத்தோடு தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் பூசையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். காணிக்கைத் தட்டு வந்தபோதுதான் அவரை அடையாளம் கண்டார்கள். தட்டில் அவர் எதுவும் போடவில்லை.

“அப்ப முடிஞ்சுது,” என்றேன் நான். “ஹல்வோர் தன் கேனுன்னு நெனச்சு சோடாவ எடுத்துட்டுப் போயிட்டார். டீசல்ல தண்ணி இல்ல, ஏன்னா டீசலே இல்ல. பல்பினோ, பூட்ஸ மச்சான்கிட்ட திருப்பிக் குடுத்துரு. அம்மணி, சாப்பாட்டுக்குப் போலாமா? சதுக்கத்துல பேய்க்கணவாய் வேகுது.”

அம்மணி பொட்டலத்திலிருந்து ஒரு மிளகாயை எடுத்து வாயில் போட்டார். மென்றார்.

அவர் காது சிவந்தது. கண்ணில் தண்ணீர் கட்டியது. கை தானாக மேஜையைப் பிடித்துக்கொண்டது. அந்த நாளின் ஒரே கார மிளகாய்.

“அப்படின்னா,” என்றார், “அந்த டீசல் எங்கே?”

நான்கு சொற்கள். அவர் ஒரே மூச்சில் நான்கு சொல் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

படியில் இருந்தது நாலு கேன். ஹல்வோர் இரண்டை எடுத்தார். மீதி இரண்டைக் கமிட்டி வண்டி, திருவிழா அவசரத்தில் அழுக்கைக்கூட கவனிக்காமல், ஏற்றிக்கொண்டது. கமிட்டி வண்டி போனது சதுக்கத்துக்கு. சதுக்கத்தில் மேடை. மேடையில் திருவிழா மதுப் பீப்பாய். பீப்பாயைச் சுற்றி ஊர்.

அந்த நேரம் பார்த்துச் சதுக்கத்தில் வாணவெடி வெடித்தது. மேடை ஏறிவிட்டார்கள் என்று அர்த்தம்.

கசில்தா அம்மணி ஓட மாட்டார். தந்தி ஆபீஸ்காரர்கள் ஓடுவதில்லை. அது தந்திச் சேவகன் வேலை. அவர் எர்மித்தாஸின் சோடாத் தள்ளுவண்டியில் ஏறிக் காலி சீசாக்களுக்கு நடுவே உட்கார்ந்து, பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, “தள்ளு,” என்றார். நானும் பல்பினோவும் தள்ளினோம். எர்மித்தாஸ் திட்டிக்கொண்டே பின்னால் ஓடி வந்தாள். இறக்கத்தில் வண்டி எங்களை இழுத்துக்கொண்டு போனது. ஒரு திருப்பத்தில் நாங்கள் ஒரு கோழியை முந்தினோம். அடுத்த திருப்பத்தில் அதே கோழி வண்டியில் அம்மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. வண்டி ஆடின ஆட்டத்தைப் பார்க்கச் சகிக்காமல் பல்பினோ கண்ணை மூடிக்கொண்டே தள்ளினான்.

சதுக்கத்தில் மொத்த ஊரும் இருந்தது. மேடையில் மதுப் பீப்பாய், அதற்குப் பக்கத்தில் இரண்டு மஞ்சள் கேன். ‘காஸ்.’ என்று எழுதின பக்கம் ஜனங்களைப் பார்த்து இருந்தது. வெனான்சியோ வெள்ளைச் சட்டையில் பேசி முடிக்கிற இடத்துக்கு வந்திருந்தார். நேர்மை, தூய்மை, முன்னோர் என்ற சொற்களெல்லாம் ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தன. பீப்பாயில் சோடாவை இன்னும் ஊற்றவில்லை. ஊற்ற முடியாது. எங்கள் வழக்கப்படி முதலில் சோடாவில் சுறுசுறுப்பு இருக்கிறதா என்று தலைவர் பார்க்க வேண்டும். கோப்பை நிறைய ஊற்றி, ஊர் பார்க்க, நிறுத்தாமல் வாயில் கவிழ்க்க வேண்டும். முகர்வது, உறிஞ்சிப் பார்ப்பது எல்லாம் கௌரவக் குறைச்சல். முகர்ந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. மேடைக்குக் கீழே கணவாய் அண்டா, மேலே வெடிப் புகை.

ஒரு கமிட்டிக்காரன் கேனைச் சாய்த்துக் கோப்பையை நிரப்பினான். வெனான்சியோ பல்பினோவைக் கூட்டத்தில் பார்த்துவிட்டார். கோப்பையால் அவனைச் சுட்டிக் காட்டி, இதைக் குடித்ததும் சாவியைக் கழற்றுவேன் என்று சொன்னார். மச்சான் மேடைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தான். கையில், பல்பினோ வாசலிலிருந்து திரும்ப எடுத்து வந்த பூட்ஸ்.

நான் குடிக்காதீங்க என்று கத்துவதற்காக வாயைத் திறந்தேன். திறந்த வாயில் கசில்தா அம்மணி ஒரு மிளகாயைத் திணித்தார். அன்றைக்கு ஒரே கார மிளகாய் என்று மேலே சொன்னேன் அல்லவா. அது தப்பு. இரண்டு.

வெனான்சியோ கோப்பையை வாயில் கவிழ்த்தார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அவர் கன்னம் இரண்டும் உப்பியிருந்தது, பார்வை தூரத்தில் எங்கோ இருந்தது. பிறகு ஒரு புருவம் மட்டும் மேலே போனது. பிறகு மற்றது. பிறகு, முன்வரிசையில் இருந்தவர்கள் பாக்கியசாலிகள் இல்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பெரும்பகுதி அவருடைய சட்டையிலேயே நின்றுவிட்டது.

“டீசல்,” என்றார் தலைவர்.

கூட்டத்தில் யாருக்கும் புரியவில்லை. கசில்தா அம்மணி வண்டியில் எழுந்து நின்றார். பக்கத்தில் கோழி.

“நிச்சயமா?” என்றார்.

வெனான்சியோவின் முகம் சிவந்தது. அவர் நாக்கைச் சந்தேகப்பட்டு முப்பது வருஷத்தில் யாரும் கேள்வி கேட்டதில்லை. “என் நாக்கையா கேக்குற கசில்தா? எஞ்சின் ரூம்ல பொறந்த நாக்கு இது. டீசல்தான்.”

“தண்ணி கலந்த டீசலா?”

“தண்ணியா?” தலைவர் உதட்டை நக்கி, ஊர் பார்க்க, ஒரு நிபுணனின் நிதானத்தோடு மறுபடி ருசி பார்த்தார். கௌரவம் மனிதனை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை அன்று நேரில் கண்டேன். “ஒரு சொட்டு தண்ணி கிடையாது. கசடு கிடையாது. இந்த மாதிரி சுத்தமான டீசல் இந்தக் கரையில எவனும் வித்ததில்ல. மாதா மேல ஆணை.”

“எந்தப் பம்ப்?”

வெனான்சியோ பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்படியே நிறுத்தினார். அவர் பார்வை கேனுக்குப் போனது, ‘காஸ்.’ என்ற எழுத்துக்குப் போனது. கேனின் அழுக்கு விளிம்புக்குப் போனது. கடைசியில் பல்பினோவின் கழுத்தில் தொங்கின சாவியில் வந்து நின்றது. இந்த ஊரில் டீசல் விற்கிற பம்ப் ஒன்றுதான் என்பது அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

அம்மணி தந்தி கொடுத்தார்.

“பல்பினோ டீசல் இங்கே. எர்மித்தாஸ் சோடா படகில். கேன் மாறியது. தண்ணீர் இல்லை. தலைவரே சாட்சி.”

முதலில் சிரித்தது எர்மித்தாஸ். அப்புறம் ஊரே சிரித்தது. மச்சான் பூட்ஸை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். வாயில் நெருப்போடு நான் தண்ணீருக்காகச் சைகை காட்டினேன். யாரோ ஒரு நல்லவர் பக்கத்தில் இருந்த கேனிலிருந்து ஒரு கோப்பை நிரப்பி நீட்டினார். நல்லவேளை, குடிப்பதற்கு முன் முகர்ந்து பார்த்தேன். எனக்குக் கௌரவம் என்று ஒன்று கிடையாது.

ஹல்வோரும் ஆஸ்லாக்கும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு விஷயத்தை எடுத்துச் சொன்னேன். ஆஸ்லாக் இரண்டு கேனையும் கையில் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, திருப்தியாகத் தலையசைத்தாள். புருஷனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை மொழிபெயர்க்க எனக்குத் தேவை ஏற்படவில்லை. ஹல்வோர் மட்டும் என்னைத் தனியாக ஓரத்துக்குக் கூப்பிட்டு, எஞ்சினுக்கு இது சரி, ஆனால் முதலில் கொடுத்த அந்த இன்னொரு டீசல் வேண்டுமென்றால் எங்கே போய்க் கேட்பது என்று விசாரித்தார்.

மேடையில் வெனான்சியோ தொண்டையைச் செருமினார். எவ்வளவு பிடிவாதக்காரராக இருந்தாலும் சங்கத் தலைவர் சங்கத் தலைவர்தான். பல்பினோவை மேலே கூப்பிட்டு, ஊர் முன்னால் அவன் கழுத்துச் சாவியைத் தொட்டு முத்தமிட்டு, இது இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஜனங்கள் கை தட்டினார்கள். பாண்டு வாசிக்க ஆரம்பித்தது, பெரிய குழல் மட்டும் இல்லாமல். யாரோ பல்பினோவைத் தோளில் தூக்கினார்கள்.

அங்கேதான் தப்பு நடந்தது. மீன்பிடிக்கிறவர்கள் நடக்கும்போது தரையிலும் அலை இருப்பது மாதிரித்தான் நடப்பார்கள். ஆறு பேர் தோளில் பல்பினோ இடது பக்கம் சாய்ந்தான், வலது பக்கம் சாய்ந்தான், முன்னால் இறங்கினான், பின்னால் ஏறினான். சதுக்கத்தின் முதல் மூலையிலேயே அவன் முகம் பச்சையாகிவிட்டதை நான் கவனித்தேன். இறக்குங்க, இறக்குங்க என்று அவன் கையை ஆட்டினான். சந்தோஷத்தில் ஆட்டுகிறான் என்று எல்லாரும் பதிலுக்குக் கையை ஆட்டினார்கள். இரண்டாவது மூலையில் வெனான்சியோ, பழசை மறந்துவிட்டார் என்று ஊருக்குக் காட்ட, தானும் ஒரு தோள் கொடுக்கிறேன் என்று நேராக அவனுக்குக் கீழே போய் நின்று, சிரித்த முகத்தை மேலே தூக்கினார்.

அந்த வெள்ளைச் சட்டை அன்றைக்கு இரண்டாவது தடவையாகக் கெட்டது.

“பாவம்,” என்றார் கசில்தா அம்மணி.

யாரைச் சொல்கிறார் என்று கேட்டேன். அதற்கு இன்னொரு சொல் செலவாகும் என்பதால் பதில் வரவில்லை.